சரியான பெயரைத் தவறென்று சொல்லும் படிவங்கள்: உள்ளீட்டுச் சரிபார்ப்பில் தவிர்க்க வேண்டியவை

பெயர்க்கட்டத்தில் ‘கௌசல்யா’ என்று தமிழில் எழுதினால் ‘எழுத்துகள் மட்டுமே அனுமதி’ என்று திருப்பியடிக்கும் படிவங்கள் இன்னும் நிறைய உண்டு. ஆங்கிலத்தின் ஏ முதல் இசட் வரை மட்டும் ஏற்கும்படி ரெஜெக்ஸ் (உரை எந்த வடிவில் இருக்கலாம் என்று சொல்லும் விதி) எழுதியிருப்பது முதல் காரணம். அதைத் திருத்தி, எல்லா மொழி எழுத்துக்கும் குறியீடு தரும் யூனிகோடில் எழுத்து என்று வகைப்படுத்திய எதையும் ஏற்கலாம் என்று மாற்றினாலும் அதே பெயர் தோற்கும். மெய்யெழுத்தின் புள்ளியும், கால், கொம்பு போன்ற உயிர்க்குறிகளும் யூனிகோடில் எழுத்து வகையில் இல்லை. குறி என்ற தனி வகையில் இருக்கின்றன. இரண்டு வகையையும் அனுமதிக்க வேண்டும். கூடவே இடைவெளி, இனிஷியலுக்கான புள்ளி, ஒற்றை மேற்கோள், சிறுகோடு. இத்தனையையும் அனுமதித்த பிறகு விதி என்று சொல்ல அதிகம் மிஞ்சாது, மிஞ்சவும் வேண்டாம். காலியாக இல்லை, அளவுக்கு மீறிய நீளம் இல்லை என்று பார்த்தால் போதும்.

குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கி, அதற்குக் குறைந்தது 3 எழுத்து என்றும் கேட்பது இதைவிட மோசம். இனிஷியல் மட்டுமே உள்ளவர் என்ன செய்வார்? எதையாவது போட்டு நிரப்புவார். டேட்டாபேஸில் குப்பை சேரும். முழுப்பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள்.

நீளத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கண்ணுக்குக் ‘கௌசல்யா’ 4 எழுத்து. பிரவுசரில் நீள வரம்பு வைக்கும் மேக்ஸ்லெங்த், புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தனித்தனிக் குறியீடாக எடுத்து அதை 7 என்று எண்ணும். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அது 21 பைட். நீளத்தைப் பைட்டில் அளக்கும் டேட்டாபேஸ் என்றால், ஆங்கிலப் பெயரை மனதில் வைத்து 30 என்று ஒதுக்கிய இடம் 10 குறியீடுகளோடு தீர்ந்துவிடும். இன்னொன்று: ‘கொ’ போன்ற எழுத்தின் ஒகரக்குறி ஒரே குறியீடாகவும் வரலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் வரலாம். திரையில் வேறுபாடு தெரியாது, ஆனால் தேடினால் கிடைக்காது. சேமிக்கும் முன், இரண்டையும் ஒரே மாதிரியாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

எண்களைக் கேட்கும் இடத்தில் பெரும்பாலான பிழைச்செய்திகளே தேவையில்லாதவை. கைபேசி எண்ணை இடைவெளியோடோ சிறுகோட்டோடோ முன்னால் +91 அல்லது 0 சேர்த்தோ தருவார்கள். அதில் பயனர் செய்த தவறு எதுவும் இல்லை. இடைவெளியையும் குறிகளையும் நீக்கி, முன்னொட்டைக் கழித்து, மிஞ்சுவது 10 இலக்கமா, 6 முதல் 9 வரை ஓர் இலக்கத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். அந்தக் கட்டத்துக்கு மேக்ஸ்லெங்த் 10 என்று வைத்துவிட்டால், +91 சேர்த்து நடுவில் இடைவெளி விட்ட எண்ணை ஒட்டும்போது எண்ணில் முதல் 5 இலக்கம் மட்டுமே உள்ளே போகும். மீதியைப் பிரவுசர் சொல்லாமல் வெட்டிவிடும்.

இதே போக்கை மற்ற எண்களுக்கும் வைத்துக்கொள்ளலாம். பான் எண்ணைச் சிறிய எழுத்தில் தந்தால் பெரிய எழுத்தாக மாற்றுங்கள். வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சியின் 11 இடங்களில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம்; அங்கே ஓ என்ற எழுத்து வந்தால் தயங்காமல் பூஜ்யமாக்கலாம். ஆதாரில் 12ஆவது இலக்கம், மற்ற இலக்கங்களிலிருந்து வெர்ஹாஃப் என்ற முறையில் கணக்கிட்டு வரும் சரிபார்ப்பு இலக்கம். ஓர் இலக்கம் மாறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் சர்வருக்குப் போகாமலே பிடித்துவிடலாம். இவற்றில் இலக்கம் மட்டும் உள்ள எதற்கும் நம்பர் வகை உள்ளீடு வேண்டாம்: அம்பு விசை பட்டாலே மதிப்பு மாறும், மேக்ஸ்லெங்த் வேலை செய்யாது. டெக்ஸ்ட் வகையே இருக்கட்டும். எந்த விசைப்பலகை வேண்டும் என்று சொல்லும் இன்புட்மோடை நியூமெரிக் என்று வைத்தால் கைபேசியில் எண்பலகை வரும். மின்னஞ்சலுக்கு ஓரத்து இடைவெளியை நீக்கி, @ குறி இருக்கிறதா என்று பார்த்து, உறுதிப்படுத்தும் அஞ்சல் அனுப்புங்கள். நீண்ட ரெஜெக்ஸ் எழுதினால் + குறி உள்ள நல்ல முகவரிகள்தாம் அடிபடும்.

எப்போது சொல்வது என்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. முதல் எழுத்தைத் தட்டியதுமே சிவப்பு காட்டினால், எழுதி முடிக்காதவரைத் திட்டுவதுபோல் ஆகும். கட்டத்தை விட்டு நகர்ந்த பிறகு சொல்லுங்கள்; ஒருமுறை சொன்ன பிறகு ஒவ்வொரு தட்டலிலும் மறுபடி பாருங்கள், சரியானதும் செய்தி உடனே மறையட்டும். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில், தவறான கட்டத்துக்கு நிறம் தர உதவும் இன்வேலிட் என்ற தேர்வி பக்கம் திறந்ததுமே பொருந்திவிடும். யூசர்-இன்வேலிட் பயனர் கைவைத்த பிறகே பொருந்தும். தமிழை ஒலிபெயர்ப்பு முறையில் தட்டும்போது, சொல் முடியும் வரை இடையில் ஆங்கில எழுத்துகளும் உள்ளீடாக வரக்கூடும். அப்போது ‘தவறான’ எழுத்தை நீக்கும் ஸ்கிரிப்ட் ஓடினால் தமிழே எழுத முடியாது. சொல் முடிந்ததைத் தெரிவிக்கும் காம்போசிஷன்எண்ட் நிகழ்வு வரும் வரை கைவைக்காதீர்கள்.

‘தவறான உள்ளீடு’ என்பது செய்தியே அல்ல. ‘பின்கோடு 6 இலக்கம் இருக்க வேண்டும், 5 தான் உள்ளது’ என்பது செய்தி. அது அந்தக் கட்டத்தின் அருகிலேயே நிற்க வேண்டும். பிரவுசர் தானாகக் காட்டும் பிழைக் குமிழ் பிரவுசரின் மொழியில் பேசும், சில நொடியில் மறையும். அதை நிறுத்தும் நோவேலிடேட் போட்டு உங்கள் செய்தியைக் காட்டுங்கள். குமிழையே வைத்துக்கொண்டு, அதில் சொந்தச் செய்தி வைக்கும் செட்கஸ்டம்வேலிடிட்டி பயன்படுத்துவோர், திருத்திய பிறகு வெற்றுச் சரத்தைக் கொடுத்து அதை அழிக்க மறந்தால் படிவம் சரியாக நிரப்பிய பின்னும் போகாது. சிவப்பு நிறம் மட்டும் போதாது. கட்டம் தவறு என்று குறிக்கும் ஏரியா-இன்வேலிட் வைத்து, ஏரியா-டிஸ்கிரைப்ட்பை வழியே செய்தியைக் கட்டத்தோடு இணைத்தால்தான் பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைப் படித்துச் சொல்லும்.

பிரவுசரில் செய்த எந்தச் சோதனையையும் தாண்டி நேரடியாகக் கோரிக்கை அனுப்பலாம் என்பதால், எல்லா விதியும் சர்வரிலும் இருக்க வேண்டும். அங்கே பிழை தெரிந்தால் முதல் பிழையோடு நிறுத்தாமல் அத்தனையையும் ஒரே பதிலில் அனுப்புங்கள். கடவுச்சொல், அட்டை எண் தவிர நிரப்பிய மற்றவை அப்படியே திரும்பி வரட்டும். திரும்பக் காட்டும்போது எஸ்கேப் செய்யாமல் (< போன்ற குறிகள் நிரலாக ஓடாதபடி மாற்றாமல்) விட்டால், பிறர் நிரலைப் பக்கத்தில் ஓடவிடும் எக்ஸ்எஸ்எஸ் ஓட்டை அங்கேயே திறந்துகொள்ளும்.