மலிவு விலை ரேடார் டிடெக்டர்: வாங்கும்போது எங்கே தவறுகிறோம்?

காவல்துறையின் வேகம் அளக்கும் ரேடார் அருகில் இருந்தால் காருக்குள்ளேயே எச்சரிக்கும் கருவிதான் ரேடார் டிடெக்டர். அதை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு தூரத்திலேயே பிடிக்கும்?" என்றுதான். தினமும் வேலைக்கும் கடைக்கும் கார் ஓட்டுகிறவருக்கு அது இரண்டாவது கேள்வி. அவர் முதலில் கேட்க வேண்டியது, "சும்மா இருக்க வேண்டிய நேரத்தில் சும்மா இருக்குமா?" என்பது. காரணமே இல்லாமல் அலறிக்கொண்டே இருந்தால் முதலில் சத்தத்தைக் குறைப்போம். பிறகு காதே அதற்குப் பழகிவிடும். கடைசியில் நிஜமான எச்சரிக்கை வரும்போது அதுவும் இன்னொரு பொய் அலாரம் என்று விட்டுவிடுவோம். குறைந்த விலைக் கருவிகளில் பணம் வீணாவது பெரும்பாலும் இப்படித்தான்.

அதற்கும் முன்னால் சட்டத்தைப் பார்க்க வேண்டும். "எல்லாரும்தானே வைத்திருக்கிறார்கள்" என்று வாங்கிவிடக் கூடாது. அமெரிக்காவில் சொந்தக் கார்களில் வைத்துக்கொள்ளப் பெரும்பாலான மாநிலங்கள் அனுமதிக்கின்றன. வர்ஜீனியாவிலும் வாஷிங்டன் டி.சி.யிலும் தடை. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான் ஆகிய மூன்று மாகாணங்களில்தான் அனுமதி. ஒன்டாரியோவில் அணைத்து வைத்திருந்தாலும் குற்றம். பிரான்ஸ், சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் அறவே கூடாது. எல்லை தாண்டி ஓட்டுகிறவர்கள் போகும் வழியில் உள்ள ஒவ்வோர் இடத்தின் விதியையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தூரக் கணக்கு

இருட்டில் ஒருவர் டார்ச் அடித்துக்கொண்டு வருகிறார் என்றால், அவர் நம் முகத்தைப் பார்ப்பதற்கு வெகு முன்பே நாம் அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிடுவோம். ரேடாரும் அப்படியே. காவலரின் கருவி அனுப்பிய அலை நம் வண்டியில் பட்டு, திரும்பிப் போய், அதில் ஏற்பட்ட அதிர்வெண் மாற்றத்தை வைத்துத்தான் வேகம் தெரியும். டிடெக்டருக்குப் போகிற அலை மட்டும் போதும். ஒருவழிப் பயணத்தில் அலையின் வலிமை தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. போய்த் திரும்பும் எதிரொலியோ நான்மடிக்கு ஏற்பக் குறைகிறது. ஆகவே நேரான, திறந்த சாலையில் சாதாரணக் கருவிக்கே போதுமான அவகாசம் கிடைத்துவிடும்.

விலை உயர்ந்த கருவியின் கூர்மை பயன்படும் இடங்கள் வேறு. மேட்டுக்கு அந்தப் பக்கம் ரேடார் இருக்கும்போது உதவும். வளைவைத் தாண்டி இருந்தாலும் உதவும். ரேடாரை அணைத்தே வைத்திருந்து, வண்டி பக்கத்தில் வந்ததும் ஒரு நொடி மட்டும் போட்டுப் பார்க்கும் முறையும் உண்டு. அதில் நமக்குக் கிடைக்கும் ஒரே முன்னறிவிப்பு, நமக்கு முன்னால் போகும் வண்டிகளை அளந்தபோது சிதறி வந்த மெல்லிய அலைகள்தான். இரவும் பகலும் காலியான நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவருக்கு இந்தக் கூர்மைக்குப் பணம் கொடுப்பது சரி. நகரத்துக்குள்ளேயே ஓட்டுகிறவருக்கு அதே கூர்மை தொல்லை. அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கடைக் கதவையும் அது கேட்டுவிடும்.

பொய் அலாரம் எங்கிருந்து வருகிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதித் தவறுகள் தானாக விலகும். காவல்துறை ரேடார்கள் பெரும்பாலும் மூன்று அலைவரிசைகளில் இயங்குகின்றன. எக்ஸ் பேண்ட் 10.5 கிகாஹெர்ட்ஸ் அருகிலும், கே பேண்ட் 24.05 முதல் 24.25 வரையிலும், கேஏ பேண்ட் 33.4 முதல் 36 வரையிலும் இருக்கின்றன. சிக்கல் நடுவில் இருக்கும் கே பேண்டில்தான். கடைகளின் தானியங்கிக் கதவுகள், சாலையோரப் போக்குவரத்து உணரிகள், ஓட்டுநர் கண்ணுக்குப் படாத பக்கத்தைக் கவனிக்கக் கார்களின் பின்மூலையில் வைக்கும் பிளைண்ட் ஸ்பாட் ரேடார்கள் என்று பலவும் அதே 24 கிகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. புதிய கார்கள் 77 கிகாஹெர்ட்ஸ் பக்கம் போய்விட்டன. ஆனாலும் பழைய உணரி வைத்த கார்கள் இன்னும் பல வருடம் நம் முன்னாலும் பக்கத்திலும் ஓடும்.

இங்கே இரண்டு தொல்லைகளுக்கு இரண்டு மருந்துகள் உண்டு. பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாறுகிறார்கள். கடைக் கதவு நகராது. ஜிபிஎஸ் உள்ள கருவி, ஒரே இடத்தில் ஒரே சிக்னல் திரும்பத் திரும்ப வருவதை நினைவில் வைத்து, அடுத்த முறை அங்கே வாயை மூடிக்கொள்ளும். பக்கத்து லேனில் வரும் காரோ நம்மோடு சேர்ந்தே நகரும், அதற்கு ஜிபிஎஸ் உதவாது. சிக்னல் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்து, இது கார் உணரி என்று பிரித்தறியும் ஃபில்டர் வேண்டும். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் ஃபில்டர் நன்றாக உள்ளதை எடுங்கள் என்பேன். ஜிபிஎஸ் அதற்கு அடுத்தபடி. கம்ப்யூட்டரில் இணைத்து ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள் இருக்கும் மென்பொருளை, புதுப்பிக்க முடியுமா என்றும் கட்டாயம் பாருங்கள். சாலையில் புதுப்புது உணரிகள் வரும்போது ஃபில்டரும் கற்றுக்கொள்ள வேண்டுமே.

பழைய உயர்ரகக் கருவி பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஆசைப்படுவதும் இந்த இடத்தில்தான் காலை வாருகிறது. அது வந்த காலத்தில் அதைவிடச் சிறந்தது இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் பிளைண்ட் ஸ்பாட் ரேடார் பரவுவதற்கு முன் செய்தது என்றால் அதில் அந்த ஃபில்டரே இருக்காது. பேர்பெற்ற நிறுவனத்தின் முந்தைய மாடல், தள்ளுபடியில், வாரண்டியோடு கிடைத்தால் அது நல்ல பேரம். பத்து வருடம் பழையது நல்ல பேரம் இல்லை.

பெட்டி மேல் இருக்கும் வாக்குறுதிகள்

"16 பேண்ட்", "360 டிகிரி பாதுகாப்பு" என்றெல்லாம் போட்டிருக்கும். பேண்ட் எண்ணிக்கை பெரிதாக இருப்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை, உங்கள் பகுதியில் எது பயன்படுகிறதோ அதைச் சரியாகப் பிடித்தால் போதும். 360 டிகிரி என்பது பெரும்பாலும் முன்பக்கம் பார்க்கும் ஒற்றை ஆண்டெனா, பின்னாலிருந்து எதிரொளித்து வருவதையும் பிடிக்கும் என்பதுதான். அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அம்புக்குறி காட்ட இரண்டு ஆண்டெனா வேண்டும். மலிவு விலையில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

லேசர் எச்சரிக்கையும் அப்படித்தான். ரேடாருக்குப் பதில் ஒளிக்கதிரால் வேகம் அளக்கும் லேசர் துப்பாக்கியின் கதிர் 300 மீட்டர் தூரத்தில்கூட ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம்தான் விரியும். அதை உங்கள் நம்பர் பிளேட்டையோ விளக்கையோ குறிவைத்து அடிக்கிறார்கள். கருவி கத்தும்போது வேகம் ஏற்கெனவே அளந்தாகிவிட்டது. இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

சராசரி வேகக் கேமராக்கள் இன்னொரு விஷயம். இரண்டு இடங்களில் நம்பர் பிளேட்டைப் படித்து, இடையில் ஆன நேரத்தை வைத்துக் கணக்குப் போடுகிற முறை அது. ரேடாரே இல்லை என்பதால் எந்த டிடெக்டரும் மௌனமாகத்தான் இருக்கும். சாலைக்கு அடியில் கம்பிச் சுருள் பதித்து அளப்பதும் அப்படியே. இங்கே உதவுவது கேமரா இருப்பிடங்களைச் சேமித்து வைத்த ஜிபிஎஸ் பட்டியல் மட்டும், அதுவும் புதுப்பித்துக்கொண்டே இருந்தால்தான். சட்டம் அனுமதிக்கும் இடத்தில் வேஸ் போன்ற மொபைல் ஆப் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும்.

ரேடார் அலையைக் குழப்பும் ஜாமர்களை இதோடு சேர்த்து விற்பவர்களும் உண்டு. அது கேட்கும் கருவி இல்லை, அலை பரப்பும் கருவி. டிடெக்டரை அனுமதிக்கும் அமெரிக்காவிலேயே மத்திய சட்டப்படி அது குற்றம். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வாங்கிய பிறகு

பெட்டியிலிருந்து எடுத்ததும் அப்படியே ஓட்டுவது பலரும் செய்யும் தவறு. உங்கள் பகுதிக் காவல்துறை எக்ஸ் பேண்டைப் பயன்படுத்துவதில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் அதை அணைத்துவிடுங்கள், இரைச்சல் கொஞ்சம் குறையும். ஆனால் தொல்லை தாங்காமல் கே பேண்டையும் அணைத்துவிடாதீர்கள். அதைப் பயன்படுத்தும் காவல்துறைகள் ஏராளம். நகருக்குள் கூர்மையைக் குறைக்கும் சிட்டி மோடையும் வெளியே முழுக் கூர்மையோடு கேட்கும் ஹைவே மோடையும் மாற்றிப் பழகுங்கள்.

பொருத்தும் இடமும் முக்கியம். சாலை நேராகத் தெரிகிற மாதிரி, மட்டமாக, வைப்பருக்கும் மேலே இருக்கும் நிறப் பட்டைக்கும் பின்னால் மறையாமல் வைக்க வேண்டும். சில கார்களின் முன்கண்ணாடியில் வெப்பத்தைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். அது ரேடார் அலையையும் தடுத்துவிடும். அப்படிப்பட்ட கார்களில் பலவற்றில், நடுக்கண்ணாடிக்கு அருகே பூச்சில்லாத சிறு பகுதி விட்டிருப்பார்கள். கார் கையேட்டில் தேடிப் பாருங்கள்.

கருவி கத்திய மறுநொடி பிரேக்கை ஓங்கி மிதிக்கும் பழக்கம்தான் எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது. பின்னால் வருகிறவருக்கு உங்கள் அலாரம் கேட்காது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கண்ணாடியில் பின்னால் பார்த்து, மெதுவாகக் குறையுங்கள்.

திருப்பிக் கொடுக்க வசதி உள்ள இடத்தில் மட்டும் வாங்குங்கள். அந்தக் கெடு முடிவதற்குள் தினமும் போகிற அதே வழியில், போக்குவரத்து நெரிசலான நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். எங்கெங்கே, எதற்காகக் கத்துகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் இருந்தால் ஒரே இடத்துக் கதவுச் சிக்னல்கள் சில நாளில் அடங்க வேண்டும். பக்கத்தில் கார் வரும்போதெல்லாம் கத்துவது ஃபர்ம்வேரைப் புதுப்பித்த பிறகும் அடங்கவில்லை என்றால், தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.