ஆளில்லாத தெரு என்றால் சோகமா? சர்ரியல் நகர ஓவியங்களைப் பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கேலி செய்வார்கள். இதில் சாமி விஷயம் 1981-இல் தீர்ந்துவிட்டது, ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். மற்ற இல்லாமைகளோடு நாம் சகஜமாகத்தான் வாழ்கிறோம். ஆனால் சர்ரியல் ஓவியத்தில், அதாவது சாதாரணப் பொருள்களையே விநோதமாகச் சேர்த்துக் காட்டும் ஓவியத்தில், ஒரு வெறிச்சோடிய தெருவைக் கண்டால் மட்டும் உடனே "தனிமை, மரணம்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

அந்த அவசரம்தான் பெரிய தவறு. சர்ரியல் ஓவியர்களுக்கு முன்னோடியான இத்தாலிய ஓவியர் ஜார்ஜியோ டி கிரிகோ 1914-இல் வரைந்த 'ஒரு தெருவின் மர்மமும் துயரமும்' படத்தையே எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் வெயில் பட்ட நீண்ட வளைவுக் கட்டடம், வலப்பக்கம் இருண்ட கட்டடம், கதவு திறந்த ஒரு காலி வண்டி. நம் பிள்ளைகள் டயர் ஓட்டுவதுபோல் ஒரு சிறுமி வளையம் உருட்டிக்கொண்டு ஓடுகிறாள். எதிரே யாருடையதென்று தெரியாத ஒரு நிழல். தனித்தனியாகப் பார்த்தால் இதில் எதுவும் பயங்கரமில்லை. பிறகு ஏன் வயிற்றைப் பிசைகிறது?

கோட்டைக் கோயிலின் கல்யாண மண்டபத்தில் ஒரு முனையில் நின்று தூண் வரிசையைப் போனில் படமெடுங்கள். இரு பக்கக் கோடுகளும் தூரத்தில் ஒரே புள்ளியை நோக்கிப் போகும். டி கிரிகோவின் கட்டடங்கள் அப்படிச் சேர்வதில்லை, ஒவ்வொன்றும் தன் போக்கில் போகிறது. பார்ப்பவருக்கு நிற்க ஓர் இடமே கிடைப்பதில்லை. வெளிச்சமும் அப்படித்தான். ஆளரவமற்ற தெரு என்றதும் நமக்கு மே மாத மதியம் நினைவுக்கு வரும், ஆனால் சித்திரை உச்சி வெயிலில் நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும். இங்கே அது நீண்டு கிடக்கிறது. தரை மஞ்சளாகப் பளிச்சென்று இருக்க, வானமோ இருண்டிருக்கிறது. மணி என்ன என்றே சொல்ல முடியாது. "மஞ்சள் என்றால் மகிழ்ச்சி" என்ற வாய்ப்பாடு இங்கே உதவாது.

குறியீட்டு அகராதியும் அதே ரகம்தான். ரயில் என்றால் பயணம், கோபுரம் என்றால் அதிகாரம் என்று பட்டியல் போடுவது சுலபம். டி கிரிகோவின் பல படங்களில் ரயில் வரும். அவர் அப்பா கிரேக்கத்தில் ரயில் பாதை போட்ட பொறியாளர். காட்பாடி ஜங்ஷன் பக்கத்தில் வளர்ந்தவருக்கு இது சட்டென்று புரியும். அதற்காக "ரயில் என்றால் அப்பா" என்று முடித்துவிட்டால் அதுவும் அகராதிதான். சுவருக்குப் பின்னால் புகை மட்டும் தெரிகிறதா, வண்டி நிற்கிறதா போகிறதா என்று அந்தப் படத்திலேயே தேட வேண்டும்.

சர்ரியலிசம் என்றாலே கனவு என்று ஒதுக்குவதும் சரியில்லை. கனவைக் கொண்டாடிய, பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே பிரெத்தோனின் முதல் சர்ரியலிச அறிக்கை வந்ததே 1924-இல்தான், டி கிரிகோவின் தெரு அதற்குப் பத்து வருடம் மூத்தது.

அப்புறம் தலைப்பு. பெல்ஜிய சர்ரியல் ஓவியர் மக்ரித் 1953-இல் வரைந்த படத்தில் தொப்பி போட்ட ஆட்கள் வீடுகளுக்கு முன்னால் அந்தரத்தில் நிற்கிறார்கள். பெயர் 'கோல்கொண்டா', ஹைதராபாத் பக்கத்தில் வைரத்துக்குப் பேர்போன கோட்டையின் பெயர். கோட்டை ஊர்க்காரர்கள் நாம் ஆவலாகத் தேடினாலும் அதில் கோட்டையும் கிடையாது, வைரமும் கிடையாது. பெயரைச் சொன்னது அவருடைய கவிஞ நண்பர். இந்த மாதிரிப் படங்களில் தலைப்பை முதலில் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள். பிறகு படித்து, எங்கே பொருந்தாமல் உறுத்துகிறது என்று தேடுங்கள்.