மண் பரிசோதனை: பிழை பெரும்பாலும் ஆய்வகத்துக்கு முன்பே நேர்கிறது

சிங்கப்பூரின் கிராஞ்சிப் பண்ணையோ, வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக்குக் கீழே உள்ள சமூகத் தோட்டமோ, மண்ணில் ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் எவ்வளவு என்று அறிய விரும்புவோர் முதலில் விசாரிப்பது நல்ல ஆய்வகத்தைத்தான். ஆனால் முடிவுகள் பெரும்பாலும் மண்ணை அள்ளும்போதே கெட்டுவிடுகின்றன.

ஒரே இடத்தில் ஒரு பிடி அள்ளி அனுப்புவது மிகப் பெரிய தவறு. சிங்கப்பூரில் ஈயம் கலந்த பெட்ரோல் 1998இல் நிறுத்தப்பட்டது. ஆனால் அதன் புகையோடு மண்ணில் படிந்த ஈயம் மக்கிப்போகும் பொருளன்று. பழைய சாலையோர மண்ணின் மேலடுக்கிலேயே தங்கிவிடும். சில மீட்டர் தள்ளினால் அளவு வேறாகிவிடும். ஆகவே ஒரே மாதிரியான பகுதிக்குள் பல இடங்களில், ஒரே ஆழத்தில் எடுத்துக் கலக்க வேண்டும். காய்கறிப் பாத்தியில் மேல்மட்ட 15 செ.மீ. மண் போதும். சாலையோரப் பாத்தியை உட்புறப் பாத்தியோடு கலக்காதீர்கள்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. நம் தோட்ட மண்ணில் ஒரு பகுதி மூட்டையில் வந்து இறங்கியது. அதையும் அடியிலுள்ள பழைய மண்ணையும் சேர்த்துத் தோண்டினால் கிடைக்கும் எண் இரண்டுக்குமே பொருந்தாது. துத்தநாகம் பூசிய இரும்பு வாளியில் அள்ளிவிட்டு, 'துத்தநாகம் கூடுதல்' என்று பதறுவதும் நடக்கக்கூடியதே. பிளாஸ்டிக் வாளி மலிவு.

மண்ணில் எக்ஸ்கதிரைச் செலுத்தி உலோக அளவைக் காட்டும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவியை அளவுக்குமீறி நம்ப வேண்டாம். மழை ஓய்ந்த கையோடு ஈர மண்ணில் வைத்தால் அளவு குறைத்தே காட்டும். கருவி ஒவ்வொரு தனிமத்தையும் அது வெளியிடும் எக்ஸ்கதிர்க் கோட்டைக் கொண்டே அடையாளம் காண்கிறது; ஆர்செனிக்கின் முதன்மைக் கோடும் ஈயத்தின் கோடும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுவதால், ஈயம் மிகுந்த மண்ணில் ஆர்செனிக் அளவு ஐயத்துக்குரியது. கவலை தரும் குறைந்த அளவுக் காட்மியமோ அதன் கண்ணில் படுவதே அரிது. பாதரசம் தேடுவோர் மண்ணைச் சூடான அடுப்பில் உலர்த்தக் கூடாது, ஆவியாகிப் போய்விடும்.

அறிக்கை வந்த பிறகும் தவறுவதற்கு இடமுண்டு. ராஜதிராவகம் என்ற கடும் அமிலக் கலவையில் ஆய்வகம் மண்ணைக் கரைத்துப் பெறும் அளவு, செடி உறிஞ்சக்கூடிய அளவன்று. அமில மண்ணில் காட்மியம் எளிதில் இளகிக் கீரைக்குள் போகும். ஆகவே பிஎச் (மண்ணின் அமிலத்தன்மை அளவு) குறிப்பிடாத அறிக்கை அரைகுறைதான். அமெரிக்கா 2024இல் குடியிருப்பு மண்ணுக்கான ஈய வழிகாட்டு அளவைக் கிலோவுக்கு 400 மில்லிகிராமிலிருந்து 200 ஆகக் குறைத்தது. அது மண்ணையும் தூசியையும் விழுங்கும் குழந்தைகளை மனத்தில் வைத்து வகுத்த எண், கத்தரிக்காய்க்கானதல்ல. கீரைதான் கவலை என்றால் கீரையையே அனுப்புங்கள், கழுவியதையும் கழுவாததையும் தனித்தனிப் பையில்.