உரைக் கோப்பை என்ஐஎஸ் மேப் ஆக்குவது: சாவியில்தான் சங்கதி

என்ஐஎஸ் என்பது பயனர் கணக்கு போன்ற பட்டியல்களை ஒரு சர்வரிலிருந்து பல கணினிகளுக்கும் வழங்கும் ஏற்பாடு. அப்படி வழங்கப்படும் ஒவ்வொரு பட்டியலும் ஒரு மேப். என்ஐஎஸ் சர்வரை நிறுவி, டொமைன் பெயரும் வைத்தாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். (பழைய பெயர் யெல்லோ பேஜஸ். வணிகமுத்திரைச் சிக்கலால் சன் நிறுவனம் பெயரை மாற்றியது. கட்டளைகளில் மட்டும் 'ஒய்பி' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.)

உரைக் கோப்பை மேப்பாக மாற்றும் கட்டளை மேக்டிபிஎம். அது கோப்பை வரிவரியாகப் படிக்கும். முதல் இடைவெளி அல்லது டேப் வரை இருப்பது சாவி, மிச்சமெல்லாம் மதிப்பு. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஹோம் அடைவுகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் ஆட்டோ.ஹோம் கோப்பு ஏற்கெனவே இந்த வடிவில்தான் இருக்கும். '#' என்று தொடங்கும் குறிப்பு வரிகளை செட் என்ற கட்டளை கொண்டு நீக்கி, பைப் வழியாக மேக்டிபிஎம்முக்கு அனுப்புங்கள். உள்ளீட்டுக் கோப்பின் பெயர் வரும் இடத்தில் '-' போடுங்கள். மேப், /வார்/ஒய்பி-க்குள் டொமைன் பெயரில் உள்ள அடைவில் உட்கார வேண்டும்.

நான் சறுக்கியது பயனர் கணக்குகள் இருக்கும் பாஸ்வேர்டு கோப்பில். அப்படியே கொடுத்தேன், ஒரு பிழைச்செய்தியும் வரவில்லை. சாவியைக் கொடுத்துத் தேடும் ஒய்பிமேட்ச் போட்டால் அப்படியொரு சாவியே இல்லை என்கிறது! அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான், மேக்டிபிஎம் -யு போட்டு மேப்பைக் கொட்டிப் பார்க்கத் தோன்றியது. மூலக் கோப்பில் இருந்த வரி இது:

மலர்:எக்ஸ்:1001:100:மலர் விழி:/ஹோம்/மலர்:/பின்/பாஷ்

முதல் இடைவெளி எங்கே விழுகிறது என்று பாருங்கள். 'மலர்:எக்ஸ்:1001:100:மலர்' மொத்தமும் சாவியாகிவிட்டது.

இதற்கு, வரியைப் புலங்களாகப் பிரிக்கும் ஆக் கட்டளை போதும். பெர்ல் ஸ்கிரிப்ட் எழுதுவதெல்லாம் வீண் வேலை. பிரிப்பானாகக் கோலனைக் கொடுத்து, $1 (முதல் புலம்), ஒரு டேப், $0 (முழு வரி) என்று அச்சிடச் சொல்லுங்கள். பெயர்தான் சாவியில் வந்துவிட்டதே என்று மதிப்பிலிருந்து வெட்டிவிடாதீர்கள். கிளையன்ட் முழு வரியையும் எதிர்பார்க்கும். இப்படி வரும் மேப்தான் பாஸ்வேர்டு.பைநேம். $1-க்குப் பதில் $3 (பயனர் எண்) போட்டால் பாஸ்வேர்டு.பையுஐடி. மேப் சேமிக்கப்படும் டிபிஎம் தரவுத்தளம் சாவியை வைத்து மட்டுமே தேடும், அதனால்தான் ஒரே கோப்புக்கு இரண்டு மேப். ரூட் வரியை மட்டும் சேர்க்காதீர்கள்.

சரிபார்க்க, மேப் முழுவதையும் காட்டும் ஒய்பிகேட் -கே. அந்த -கே இல்லாவிட்டால் மதிப்பு மட்டுமே தெரியும், சாவி கெட்டிருப்பதே தெரியாது. எல்லாம் சரியென்றால் /வார்/ஒய்பி-யில் உள்ள மேக்ஃபைலில் இதை ஏற்றிவிடுங்கள். அப்புறம் 'மேக்' என்று அடித்தால் போதும். மேக்ஃபைலில் கட்டளை வரிகள் டேப்பில்தான் தொடங்க வேண்டும்.

பிற்சேர்க்கை: புதிய மேப் ஸ்லேவ் சர்வருக்கு (மேப்களின் நகலை வைத்திருக்கும் துணைச் சர்வர்) போகவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். முதல் தடவை மட்டும் அந்த ஸ்லேவிலேயே உட்கார்ந்து ஒய்பிஎக்ஸ்ஃபர் ஓட்டி மேப்பை இழுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு மாற்றங்களை ஸ்லேவுக்கு அனுப்புவதை ஒய்பிபுஷ் பார்த்துக்கொள்ளும்.