பழைய ஆர்15 வி1-க்கு பாடி வேலை: பெயின்ட்டுக்கு முன்னாடி செய்ய வேண்டியது எல்லாம்

2008-ல யமஹா ஆர்15 வந்தப்போ 150 சிசி-ல லிக்விட் கூலிங், ஃபியூல் இன்ஜெக்ஷன், டெல்டாபாக்ஸ் ஃப்ரேம், ஃபுல் ஃபேரிங் (வண்டியை மூடுற பிளாஸ்டிக் பாடி)னு எல்லாத்தையும் ஒண்ணா பார்த்தது அதுதான் நம்ம ஊர்ல முதல் தடவை. அந்த வி1 (முதல் வெர்ஷன்) வண்டிங்க இன்னைக்கும் நல்லாத்தான் ஓடுது. இன்ஜின் ஸ்ட்ராங்கா இருக்கும், ஆனா ஃபேரிங் பார்த்தா பாவமா இருக்கும், காது (போல்ட் மாட்டுற முனை) உடைஞ்சு கேபிள் டை போட்டு கட்டி, கீழ் கவுல்ல (இன்ஜினுக்கு கீழ வர்ற பேனல்) ஒரு பக்கம் இல்லாம, பெயின்ட் வெளுத்து. என் வண்டியும் அப்படித்தான் இருந்துச்சு. அதை நானே பிரிச்சு, ஒட்டி, பின்னாடி டெயிலை ஃபைபர்ல (கண்ணாடி இழையும் ரெசினும்) புதுசா செஞ்சு, பெயின்ட் அடிச்சு முடிச்சதுல கத்துக்கிட்டதை எழுதுறேன். கரிஷ்மா, பல்சர் 220, பழைய நின்ஜா 250-னு எந்த ஃபேரிங் வண்டி வச்சிருந்தாலும் முக்காவாசி இது பொருந்தும்.

முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கங்க. ஃபேரிங் உடையறதுக்கு கீழ விழுறது மட்டும் காரணம் இல்ல, வைப்ரேஷனும்தான். பேனல் சரியா உக்காராம இழுத்துப் பிடிச்சு போல்ட் போட்டா அந்த இழுவிசை எப்பவும் பிளாஸ்டிக்ல நின்னுட்டே இருக்கும், அதுமேல இன்ஜின் அதிர்வு சேர்ந்தா ஓட்டையில இருந்து கீறல் விட ஆரம்பிச்சுடும். அதனால எவ்வளவு காஸ்ட்லியா பெயின்ட் அடிச்சாலும் ஃபிட்டிங் சரியில்லைன்னா ஆறு மாசத்துல பழைய கதைதான்.

பிரிக்கும்போது ஒரு அட்டையில வண்டியோட பக்கவாட்டு படத்தை குத்துமதிப்பா வரைஞ்சு, எந்த இடத்துல கழட்டின போல்ட்டோ அந்த இடத்துலயே அட்டையில குத்தி வைங்க. நீளமான போல்ட்டை குட்டை போல்ட் இடத்துல போட்டா உள்ள எதையாவது குத்தும். ஒவ்வொரு ஓட்டையிலயும் ரப்பர் கிரோமெட் (ரப்பர் வளையம்), அதுக்குள்ள ஒரு சின்ன இரும்பு காலர் (குட்டி குழாய்) இருக்கணும், பழைய வண்டியில இதுல பாதி இருக்காது. அந்த காலர்தான் போல்ட்டை எவ்வளவு டைட் பண்ணாலும் பிளாஸ்டிக் நசுங்காம காப்பாத்துறது, அது இல்லாத இடத்துலதான் பெரும்பாலும் காது உடைஞ்சிருக்கும், நீங்களே பாருங்க. சென்னையில இருக்கறவங்க புதுப்பேட்டையில ஒரு சுத்து சுத்தினா கிரோமெட், காலர், புஷ் க்ளிப், அடிபட்ட வண்டியில கழட்டின ஒரிஜினல் பேனல் எல்லாமே தேடிப் பிடிக்கலாம். மொத்தமா உடைஞ்ச பேனலா இருந்தாலும் ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

பேனலை திருப்பி உள்பக்கம் பார்த்தா ஏபிஎஸ், இல்லைன்னா பிபி-ன்னு அச்சு இருக்கும், ரெண்டும் பிளாஸ்டிக் வகை (பிரேக் ஏபிஎஸ் இல்ல). ஏபிஎஸ்னா அசிட்டோன்ல கரையும், ஒட்டறது சுலபம். பிபி-ன்னா அசிட்டோன் ஒண்ணும் பண்ணாது, எந்த பசையும் சரியா பிடிக்காது, அதை சூடு வச்சு உருக்கித்தான் சேர்க்கணும். அச்சு தெரியலைன்னா உள்பக்கம் மூலையில ஒரு சொட்டு அசிட்டோன் விட்டுப் பாருங்க, பிசுபிசுன்னு ஆச்சுன்னா ஏபிஎஸ்.

ஏபிஎஸ் ஒட்டறதுக்கு பெஸ்ட் பசை அதே பிளாஸ்டிக்தான், அதுக்குத்தான் அந்த உடைஞ்ச பேனல். அதை சின்னச் சின்ன துண்டா வெட்டி கண்ணாடி பாட்டில்ல போட்டு, மூழ்குற அளவுக்கு அசிட்டோன் ஊத்தி மூடி ஒரு ராத்திரி வச்சா காலையில தேன் பதத்துக்கு வந்திருக்கும். கீறல் எங்க முடியுதோ அந்த நுனியில 3 எம்எம் டிரில்ல ஒரு ஓட்டை போடுங்க, இல்லைன்னா கீறல் ஒட்டினதுக்கு அப்புறமும் ஓடிட்டே இருக்கும். அப்புறம் கீறலை ரெண்டு பக்கமும் வி மாதிரி கீறி விட்டு, உள்பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலையை (கொசுவலை கதவுக்கு போடுற வலையே போதும்) சால்டரிங் அயன் வச்சு பிளாஸ்டிக்குக்குள்ள அமுக்கி உருக்கி விட்டு, அதுமேல அந்த கரைசலை தடவணும். ஒரே தடவையில திக்கா தடவாதீங்க, அசிட்டோன் ஆவியாகும்போது சுருங்கும், மெல்லிசா ரெண்டு மூணு தடவை, நடுவுல காயவிட்டு. ஒரு நாள் முழுசா விட்டுட்டு அப்புறம் தேய்ங்க. அசிட்டோன் பட்டுனு தீப்பிடிக்கும், அதனால சால்டரிங் அயனும் அசிட்டோன் பாட்டிலும் ஒரே மேசையில இருக்கவே கூடாது, ஜன்னல் திறந்திருக்கணும்.

உடனே ஒட்டுற க்ளூ, பைப் லீக்குக்கு போடுற எபாக்ஸி பட்டி, இதெல்லாம் ஃபேரிங் காதுக்கு வேண்டாம். ரெண்டுமே காய்ஞ்சா விறைப்பாயிடும், வளையாது, அதிர்வுல கழண்டு விழுந்துடும். இன்னொரு விஷயம் நிறைய பேருக்கு தெரியாது, போல்ட் லூஸ் ஆகுதுன்னு த்ரெட் லாக்கர் (போல்ட் மரையில விடுற பசை) போடுவோம்ல, அது ஏபிஎஸ் மேல பட்டா பிளாஸ்டிக்கை உள்ளுக்குள்ள அரிச்சு கீறல் விட வச்சிடும். ஃபேரிங் போல்ட்டுக்கு நைலான் நட், ஸ்பிரிங் வாஷர் போதும்.

இப்ப டெயில். நிறைய பேர் கேக்குறது வி2 டெயில் மாட்டலாமான்னுதான். 2011-ல வந்த வி2-க்கு ஸ்விங்ஆர்ம் வேற, பின் டயர் 130 எம்எம் அகலம், டெயில் தூக்கி நிக்கும், சீட் ரெண்டா பிரிஞ்சிருக்கும். வி1-ல பின் டயர் 100 தான், அதுமேல அந்த டெயிலை வச்சா பின்னாடி இருந்து பார்க்க ஒல்லியா தெரியும், உடனே 130 டயர் போடத் தோணும், வி1 ரிம்முக்கு அது அகலம் அதிகம், டயர் ஓரம் சுருங்கி வளைவுல நடத்தையே மாறிடும். இதுக்காக பின் ஃப்ரேமை வெட்டி வெல்டு வைக்கிறவங்களும் இருக்காங்க. தயவுசெஞ்சு அதை மட்டும் செய்யாதீங்க, பின்னாடி உக்காரப்போறது நம்ம வீட்டு ஆளுங்கதான். ஃப்ரேம்ல இருக்கிற ஒரிஜினல் ஓட்டைகளுக்கு பொருந்துற மாதிரி டெயிலை செய்யணும், டெயிலுக்காக ஃப்ரேமை மாத்தக்கூடாது.

நான் செஞ்சது ஃபைபர். வடிவம் பிடிக்க முதல்ல தெர்மாகோல் வாங்கிட்டு வந்தேன், நல்லவேளை ஃபைபர் கடைக்கார அண்ணன் "தம்பி, பாலியஸ்டர் ரெசின் ஊத்தினா தெர்மாகோல் கரைஞ்சு போயிடும், பியூ ஃபோம் எடுத்துக்க"ன்னு சொன்னாரு (பியூன்னா பாலியூரித்தேன்). அவர் சொன்னது உண்மைதான், துண்டு ஒண்ணுல ஊத்திப் பார்த்தேன், கண்ணு முன்னாடி குழி விழுந்துச்சு. பியூ ஃபோமை பிரட் வெட்டுற கத்தியில செதுக்கி, எமரி போட்டு, மேல பிரவுன் பேக்கிங் டேப் சுத்தி, அதுமேல வேக்ஸ் தடவினா ஃபைபர் ஒட்டாம கழண்டு வரும்.

ரெசின் கலக்குறதுல கவனம் வேணும். நிறைய கடையில ரெசின், கோபால்ட் (கெட்டியாகுற வேகத்தை கூட்டுறது), கேட்டலிஸ்ட் (கெட்டியாக்குறது)னு மூணு தனித்தனியா குடுப்பாங்க. கோபால்ட்டை முதல்ல ரெசின்ல நல்லா கலக்கிட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேரடியா ஒண்ணு சேர்ந்தா தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும், ஒரே ஸ்பூன், ஒரே கப்பு கூட ரெண்டுக்கும் வேண்டாம். 100 கிராம் ரெசினுக்கு கேட்டலிஸ்ட் 1-ல இருந்து 2 கிராம், நம்ம ஊர் மே மாச வெயில்ல 2 போட்டா பிரஷ்ஷை எடுக்கறதுக்குள்ள கப்புலயே கெட்டியாயிடும், 1 போதும். கொஞ்சம் கொஞ்சமா கலந்துக்கங்க. 300 கிராம் மேட் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை விரிப்பு) ரெண்டு லேயர், போல்ட் வர்ற இடத்துல மட்டும் நாலு. காத்துக் குமிழி இல்லாம பிரஷ்ஷால குத்திக் குத்தி விடணும், இழுக்கக்கூடாது. கண்ணுக்கு கண்ணாடி, கைக்கு க்ளவுஸ், முழுக்கை சட்டை கண்டிப்பா. தேய்க்கும்போது தண்ணி விட்டே தேய்ங்க, அந்த தூசி உள்ள போகவே கூடாது.

கீழ் கவுல் செய்யறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஏபிஎஸ் 100 டிகிரி பக்கம் வந்தாலே இளக ஆரம்பிச்சுடும், சைலன்சர் பெண்டுக்கும் பேனலுக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளியாவது விடுங்க, உள்பக்கம் அலுமினியம் ஹீட் டேப் ஒட்டுங்க. ரேடியேட்டர் காத்து வெளிய போற ஓட்டையை அழகுக்காக அடைச்சுடாதீங்க, அடைச்சா ட்ராஃபிக்ல ஃபேன் நிக்காம ஓடும்.

பெயின்ட்டுக்கு முன்னாடி எல்லா பேனலையும் அப்படியே அழுக்கா மாட்டி 50 கிலோமீட்டர் ஓட்டுங்க. இதை யாரும் செய்யறதில்ல, ஆனா என்னைக் கேட்டா மொத்த வேலையில முக்கியமானது இதுதான். ஹேண்டில்பாரை ரெண்டு பக்கமும் ஃபுல்லா திருப்பி கேபிள் எங்கயாவது மாட்டுதா பாருங்க, பின்னாடி ஒருத்தரை உக்கார வச்சு பள்ளத்துல இறக்கி டயர் மட்கார்டுல உரசுதா பாருங்க. கையால தள்ளி வச்சாதான் ஓட்டை நேர வருதுன்னா அந்த ஓட்டையை ஃபைல் போட்டு நீட்டுங்க, பேனலை வளைக்காதீங்க.

பெயின்ட் விஷயத்துல என் முதல் பேனலே போச்சு. அடிக்கக் குடுத்த இடத்துல பிளாஸ்டிக்கை தின்னர் போட்டு துடைச்சுட்டாங்க, மறுநாள் மேல முழுக்க முடி மாதிரி கீறல். மொட்டை ஏபிஎஸ் மேல லாக்கர் தின்னர் படவே கூடாது. சோப்புத் தண்ணியில கழுவி, ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல துடைச்சு, அதுக்கு அப்புறம்தான் எமரி எடுக்கணும். மாத்தி செஞ்சா, பழைய பாலிஷ்ல இருக்கிற சிலிக்கான் எமரி கீறலுக்குள்ள இறங்கி பெயின்ட்ல மீன் கண்ணு மாதிரி வட்டம் வட்டமா விட்டுடும். 400, அப்புறம் 600 வாட்டர் பேப்பர், பிளாஸ்டிக் பிரைமர் மெல்லிசா ஒண்ணு, 2கே (ஹார்ட்னர் கலந்து அடிக்கிற) பிரைமர் ரெண்டு, மறுபடி 800, பேஸ் கோட் மெல்லிசா மூணு, ஸ்டிக்கர் ஒட்டறதா இருந்தா இப்ப, மேல 2கே கிளியர் ரெண்டு. சாதா ஸ்ப்ரே கேன் கிளியர் டேங்க் மூடி பக்கம் பெட்ரோல் பட்டா கரைஞ்சுடும். 2கே ஹார்ட்னர்ல ஐசோசயனேட் இருக்கு, நுரையீரலுக்கு ரொம்ப கெடுதல், துணி மாஸ்க்கை நம்பி வீட்டுல அடிக்காதீங்க, பூத் இருக்கிற பெயின்ட்டர்கிட்ட குடுக்கறதுதான் நல்லது. தேய்க்கிற வேலையை நீங்களே முடிச்சுக் குடுத்தா காசும் குறையும். ஐப்பசி மழையில அடிச்சா ஈரத்துல பெயின்ட் வெளுத்துப் போற வாய்ப்பு அதிகம், ஆடி காத்துல தூசி, தை மாசம் பார்த்து வச்சுக்கங்க.

சட்டம் பக்கம் சுருக்கமா. கலர் மாத்தினா ஆர்டிஓ ஆபீஸ்ல ஆர்சி-லயும் மாத்திக்கணும். மோட்டார் வாகன சட்டம் பிரிவு 52 அனுமதியில்லாத மாற்றத்தை தடுக்குது, 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை ஜெயிலும் போட இடம் இருக்கு. பின்னாடி உக்காரவங்களுக்கு கைப்பிடி, ஃபுட் ரெஸ்ட், பின் சக்கரத்துல பாதியாவது மூடுற சேலை கார்டு மூணும் மத்திய விதி 123-ல கட்டாயம், டெயிலை டிசைன் பண்ணும்போதே இதுக்கெல்லாம் இடம் விட்டுடுங்க. என் டெயில்ல ஒரிஜினல் கைப்பிடியையே வச்சுக்கிட்டேன், அம்மா சேலையோட ஒரு பக்கமா உக்காந்து வருவாங்க, அவங்க பிடிக்க ஒண்ணும் இல்லாத வண்டி எனக்கு வேண்டாம்.

கிளியர் அடிச்சு ஒரு வாரம் வெயில் படாம விட்டு, எல்லா போல்ட்டையும் முதல்ல கையாலயே நாலு சுத்து ஏத்தி, மொத்த பேனலும் உக்காந்ததுக்கு அப்புறம் ஒண்ணொண்ணா டைட் பண்ணுங்க. 200 கிலோமீட்டர் ஓடினதும் திரும்ப ஒரு தடவை ஆலன் கீ எடுத்து எல்லாத்தையும் செக் பண்ணிடுங்க, ரப்பர் புதுசுங்கிறதால கொஞ்சம் அமுங்கி இருக்கும்.