பழைய சின்ன டிராக்டருக்கு மோவர் வாங்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

சிலர் போர்டு 8என், பெர்குசன் டிஇ20 மாதிரி 1940கள்ல வந்த டிராக்டர தேடிப்பிடிச்சு வாங்கிடுறாங்க, அடுத்து நேரா போய் புல்லு, பொதர் வெட்டுற மோவர்ல கிடைக்கிறதுலயே பெருசா பார்த்து மாட்டிடுறாங்க. என்ஜின் எத்தனை ஹெச்பின்னு மட்டும்தான் கேக்குறாங்க, பிடிஓ (என்ஜின் பவர பின்னாடி மாட்டுற கருவிக்கு கொண்டுபோற சுழல் தண்டு) பத்தி ஒருத்தரும் கேக்குறதில்ல. பிரச்சனை ஆரம்பிக்கிறதே அங்கதான்.

பொதர் வெட்டுற ரோட்டரி கட்டருக்கு ஒரு அடி அகலத்துக்கு 5 ஹெச்பின்னு ஒரு கணக்கு உண்டு, அதுவும் பிடிஓல வர்ற ஹெச்பி. 8என்னுக்கு 5 அடியே இழுபறிதான், புல்லு அடர்த்தியா இருந்தா 4 அடி போதும். 6 அடி சும்மா கிடைச்சாலும் வேண்டாம்னு சொல்லிடுங்க.

அதவிட முக்கியமான விஷயம், இந்த வண்டிங்கள்ல பெரும்பாலும் லைவ் பிடிஓ கிடையாது. அதாவது பிடிஓவும் சக்கரமும் ஒரே கியர்பாக்ஸ்ல கோர்த்திருக்கும். கிளட்ச்ச மிதிச்சா என்ஜின் இழுக்கிறது நின்னுடும், ஆனா பின்னாடி சுத்திட்டிருக்கிற கனமான பிளேடு உடனே நிக்காதே, அந்த வேகம் ஷாப்ட் வழியா திரும்பி வந்து வண்டிய முன்னாடி தள்ளும். வேலிக்கு பத்தடி முன்னாடி கிளட்ச்ச மிதிச்சுட்டு நின்னுடும்னு நம்பி உக்காந்திருந்தா நேரா வேலிலதான் போய் நிக்கும். பிளேடோட வேகம் இப்படி வண்டிக்குத் திரும்பி வராம தடுக்க ஓவர்ரன்னிங் கிளட்ச்னு ஒரு பார்ட் இருக்கு, மோவர் வாங்குறப்பவே அதையும் சேர்த்து வாங்கிடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்னு விடாதீங்க.

அத மாட்டுறதுலயும் ஒரு சிக்கல். போர்டோட 9என், 2என் மாடல்ல பிடிஓ ஷாப்ட் 1-1/8 இன்ச், இப்ப கிடைக்கிற மோவருக்கெல்லாம் 1-3/8. அதனால அடாப்டர் போடணும், இதெல்லாம் சேர்ந்து ஷாப்ட்டோட முனை சில இன்ச் பின்னாடி வந்துடும். பிடிஓவயும் மோவரயும் இணைக்கிற டிரைவ்ஷாப்ட், ஒன்னுக்குள்ள ஒன்னு போற ரெண்டு குழாய்; அத பழைய நீளத்துலயே மாட்டிட்டு மோவர தூக்கினா, உள்குழாய் போய் முட்டி பேரிங்கயோ கியர்பாக்ஸயோ காலி பண்ணிடும். என்ஜின ஆப் பண்ணிட்டு, மோவர தூக்கி எறக்கிப் பார்த்து, எங்க ரொம்ப நெருங்குதுன்னு அளந்துட்டு அப்புறம் டிரைவ்ஷாப்ட்ட வெட்டுங்க. ரொம்பவும் வெட்டிடக்கூடாது, ரெண்டு குழாயும் நல்லா ஒன்னுக்குள்ள ஒன்னு இருக்கணும், இல்லன்னா எறக்குறப்ப கழண்டு வந்துடும்.

பார்மால் கப் (Farmall Cub)ங்கிற சின்ன டிராக்டர் வச்சிருக்கவங்க இன்னும் உஷாரா இருக்கணும். அதோட பிடிஓ, நிமிஷத்துக்கு 540 சுத்துங்கிற ஸ்டாண்டர்ட் வேகத்துல சுத்தாது, என்ஜின் வேகத்துலயே சுத்தும், அதுவும் எதிர்த்திசைல. சாதாரண மோவர மாட்டினா மோவருக்குத்தான் கேடு. அதுக்குன்னே செஞ்ச, வயித்துக்கு அடியில மாட்டுற மோவர் இருக்கு, அதுதான் செட் ஆகும்.

பிளேடு எதுலயாவது மோதினா கியர்பாக்ஸக் காப்பாத்த தானே உடையுற ஷியர் போல்ட் அடிக்கடி உடையுதுன்னு சிலர் கெட்டியான போல்ட்டா போட்டுடுவாங்க, அப்புறம் கல்லுல அடிச்சா உடையப்போறது போல்ட் இல்ல, கியர்பாக்ஸ்.

தீவனப் புல்லு வெட்டத்தான் வேணும்னா ரோட்டரியே எதுக்கு, கத்தரிக்கோல் மாதிரி பக்கவாட்டுல ஆடி வெட்டுற பல்வரிசை இருக்கிற சிக்கிள் பார் மோவர் பாருங்க. அதுக்கு பவர் ரொம்ப கம்மியா போதும், புல்லும் துண்டு துண்டா ஆகாம நீளமா சாயும்.