பெங்களூரில் சின்னக் கடை நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் மளிகைக் கடை, பேக்கரி, மாவுக் கடை வைத்திருக்கும் நம்மவர்களில் பெரும்பாலானோர் யாரையும் ஏமாற்றுவதில்லை. ஆனாலும் வரித் துறையிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தால் பதில் சொல்லத் தெரியாமல் திணறுகிறார்கள். கடைப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே சேமிப்புக் கணக்கில் கிடப்பதுதான் இதற்கு முதல் காரணம்.

2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித் துறை யுபிஐ வரவை வைத்துச் சின்ன வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. கணக்கில் வந்த மொத்தத் தொகைதான் அதிகாரிக்குத் தெரியும். மைத்துனர் திருப்பித் தந்த கைமாற்று, சீட்டு எடுத்த பணம், ஊரிலிருந்து அப்பா அனுப்பியது எல்லாமே அங்கே விற்பனை போலத்தான் நிற்கும். அது விற்பனை இல்லையென்று ஒவ்வொரு வரவுக்கும் காட்ட வேண்டியது கடைக்காரர்.

அப்போது பலர் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ‘ஒன்லி கேஷ்’ என்று எழுதி ஒட்டினார்கள். அது தவறான வைத்தியம். ஜிஎஸ்டி விற்பனைக்குத்தான், பணம் எந்த வழியில் வந்தாலும் கணக்கு ஒன்றுதான். வருமான வரியிலோ யுபிஐயால் லாபமே உண்டு. விற்பனையில் ஒரு பங்கை லாபமாக வைத்து வரி கணக்கிடும் உத்தேச லாப முறையில் ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம், வங்கி வழி வந்ததற்கு 6 சதவீதம் குறைந்தபட்ச லாபமாகக் காட்டினால் போதும். 30 லட்சம் விற்பனை என்றால் 2.4 லட்சத்துக்குப் பதில் 1.8 லட்சம். உண்மையான லாபம் அதைவிடக் கூடுதலாக இருந்தால் அதையேதான் காட்ட வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். கடை பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கி, க்யூஆரை அதோடு மட்டும் இணையுங்கள். வங்கி கேட்கும் சான்றுகளில் ஒன்றாக, சிறுதொழிலுக்கான அரசுப் பதிவான உத்யம் உதவும். அரசுத் தளத்தில் ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் இலவசமாகவே கிடைக்கும். பணம் கேட்கும் தளம் அரசுடையது அல்ல. வீட்டுச் செலவுக்கு மாதம் ஒரு தேதியில் ஒரு தொகையை வீட்டுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கல்லாவிலிருந்து அவ்வப்போது உருவ வேண்டாம். இரவு ஷட்டரை இறக்கும் முன் ரொக்கம், யுபிஐ, கொள்முதல், வீட்டுக்கு எடுத்தது என நான்கையும் நோட்டில் எழுதிவிடுங்கள்.

அடுத்தது வரம்பு பற்றிய குழப்பம். கர்நாடகத்தில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம். அதாவது நாளுக்குச் சுமார் 11,000 ரூபாய். மெஸ், டெய்லர் கடை, சலூன் எல்லாம் சேவை. அவற்றுக்கு 20 லட்சம்தான். ‘பாலுக்கும் காய்கறிக்கும் வரி இல்லையே, அதை ஏன் சேர்க்க வேண்டும்?’ என்று கேட்பார்கள். வரியில்லாப் பொருள் மட்டுமே விற்பவர் பதிய வேண்டியதில்லை. ஆனால் பால், காய்கறி 35 லட்சத்துக்கும் பிஸ்கட், சோப்பு 8 லட்சத்துக்கும் விற்றால் மொத்தம் 43 லட்சம், பதிவு கட்டாயம். ஒரே பான் எண்ணில் இரண்டு கடை இருந்தால் இரண்டையும் கூட்ட வேண்டும். வரம்பு தாண்டியதிலிருந்து 30 நாளுக்குள் பதிய வேண்டும். பதியாவிட்டால் அபராதம் 10,000 ரூபாய் அல்லது கட்டாத வரி, எது அதிகமோ அது.

பயப்படும் அளவுக்கு வரி வருகிறதா என்றால், இல்லை. அந்த 43 லட்சக் கடைக்காரர், சின்ன வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறையான காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தால் வரியுள்ள 8 லட்சத்துக்கு 1 சதவீதம், ஆண்டுக்கு 8,000 ரூபாய் கட்டினால் முடிந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம், ஆண்டுக்கு ஒரு ரிட்டர்ன் (கணக்குப் படிவம்). ஆனால் இந்தத் திட்டத்தில் இருந்துகொண்டு பில்லில் ஜிஎஸ்டி போட்டு வாடிக்கையாளரிடம் வசூலிப்பது சட்டப்படி குற்றம். பலர் தெரியாமலே செய்கிறார்கள். அந்த 1 சதவீதம் உங்கள் கையிலிருந்து போக வேண்டியது.

ஓசூர் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். அத்திப்பள்ளி தாண்டினால் வேறு மாநிலம். அங்குள்ள கடைகளுக்கு முறுக்கோ ஊறுகாயோ அனுப்பினால் அது மாநிலம் தாண்டிய விற்பனை. விற்பனை எவ்வளவு குறைவானாலும் பொதுவாகப் பதிவு வேண்டும், காம்போசிஷனும் கிடைக்காது. ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன்பே இதைக் கணக்கில் எடுங்கள்.

மொத்தச் சந்தையில் கச்சா பில்லுக்கு, அதாவது முறையான ஜிஎஸ்டி பில் இல்லாமல் துண்டுச் சீட்டுக்கு, சரக்கு எடுப்பது அன்றைக்கு மலிவாகத் தெரியும். வழக்கமான ஜிஎஸ்டியில் இருந்தால் உள்ளீட்டு வரி, அதாவது கொள்முதலில் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் வாய்ப்பு, போச்சு. எதில் இருந்தாலும், எது வரியில்லாச் சரக்கு என்று நிரூபிக்க ஆதாரம் இருக்காது.

கடைக்குள் பார்க்க வேண்டியவையும் உண்டு. எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும். இரும்புப் படிக்கல்லுக்கு 24 மாதம். இனிப்பை அட்டைப் பெட்டியோடு எடை போடாதீர்கள். குளிர்பானத்துக்கு ‘கூலிங் சார்ஜ்’ என்று எம்ஆர்பிக்கு மேல் 2 ரூபாய் வாங்குவதும் குற்றமே. உணவு விற்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் வேண்டும். பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம், அதுவும் மேல் பாதியில், என்று 2024 சட்டத் திருத்தம் சொல்கிறது. தமிழையும் ஆங்கிலத்தையும் மீதி இடத்தில் எழுதலாம். புதிதாகப் பலகை எழுதக் கொடுக்கும்போதே அளவு சொல்லிவிட்டால் இரண்டாம் செலவு இல்லை.

வீட்டிலேயே மாவு அரைத்து விற்பவர்கள் வீட்டு மின் இணைப்பில் கிரைண்டர் ஓட்டுகிறார்கள். கர்நாடக அரசின் க்ருஹ ஜோதி திட்ட இலவச மின்சாரம் வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே. வியாபாரத்துக்குப் பயன்படுத்தியது தெரிந்தால், உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு போடுவார்கள். 14.2 கிலோ வீட்டு சிலிண்டரை மெஸ்ஸில் வைப்பதும் தவறுதான். கடைக்கு 19 கிலோ சிலிண்டரே சரி. வேலையாட்கள் 10 பேரை எட்டினால் இஎஸ்ஐ (மருத்துவக் காப்பீடு), 20 பேரானால் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி). ஆள் கூடும்போதே பதிந்துவிடுங்கள். பழைய பாக்கி வட்டியோடு சேர்ந்தால் தாங்காது.

ஜிஎஸ்டியில் பதிந்தவர் கணக்கையும் பில்களையும், ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 6 வருடம் வைத்திருக்க வேண்டும். தெர்மல் பேப்பர் பில் சில மாதங்களில் வெளுத்துப் போகும். கையில் வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து, மாதவாரியாகப் போட்டு வையுங்கள்.